ஹோமரை ஓரமாக வைத்துவிட்டுக் கிரேக்கம் படிப்பது எப்படி

கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான். கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில்தான் பாதி வாழ்க்கை போனது. அந்த வேலையில் இருப்பவனைக் கிரேக்க மாலுமிகள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ‘மார்க்கோனி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நடுராத்திரிக் காவல் நேரத்தில் செகண்ட் ஆபீசர், "மார்க்கோனி, உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். மதராஸ் என்றேன். மனிதர் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ பாட்டு மாதிரி நாலு வரி சொன்னார். அதில் எனக்குப் புரிந்தவை நாலு ஊர்ப்பெயர்கள்தான்: மதராஸ், சிங்கப்பூர், அல்ஜியர்ஸ், ஸ்ஃபாக்ஸ்.

அந்த வரிகளை எழுதியவர் கவிஞர் நிகோஸ் கவாதியாஸ். அவரும் ஒரு மார்க்கோனிதான். 1933இல் வெளிவந்த முதல் தொகுப்பில் இருக்கும் கவிதை அது. அந்த ஊர்களுக்கெல்லாம் கப்பல்கள் கம்பீரமாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும், நான் மட்டும் ஏதோ ஓர் அலுவலகத்தில் குனிந்து உட்கார்ந்து தடித்த கணக்குப் புத்தகங்களில் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பேன் என்று பயப்படுகிறான் ஒருவன். இந்தியக் கடலின் ஆழத்தில் அடக்கமாக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆனால் எல்லாரையும் போலத் தரையில்தான் சாவேன், எல்லாருக்கும் நடக்கிற சவ ஊர்வலம்தான் எனக்கும் நடக்கும் என்கிறான். கவாதியாஸ் 1975இல் ஏதென்ஸில்தான் இறந்தார்.

நவீன கிரேக்க இலக்கியம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை கிரேக்கம் என்றால் ஹோமர், சாக்ரடீஸ், கை உடைந்த பளிங்குச் சிலைகள். அதன் பிறகு படித்ததை வைத்து, புதிதாக நுழைபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். ‘ஸோர்பா’ நாவலை எழுதிய கசந்த்சாகிஸ் பெரிய பெயராயிற்றே என்று, ஒடிசியின் தொடர்ச்சியாக அவர் எழுதிய காவியத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன். மொத்தம் 33,333 வரிகள். ஒரு நீண்ட பயணம் முடியும்போது நான் அதில் கால்வாசிகூடத் தாண்டவில்லை. பழைய கிரேக்கத்தைத் தெரிந்துகொண்டு புதியதற்கு வரலாம் என்பது நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். ஆனால் ஐரோப்பா இருநூறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. சிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்தப் பாரத்தைப் பற்றி கிரேக்கக் கவிஞர் செஃபெரிஸே எழுதியிருக்கிறார்: தூங்கி எழுந்தால் கையில் ஒரு பளிங்குத் தலை, முழங்கைகள் ஓய்ந்துபோகின்றன, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. ஆகவே அந்தத் தலையை நீங்களும் கொஞ்ச நாளைக்குத் தூக்க வேண்டாம்.

கவிஞர் கவாஃபியிலிருந்து தொடங்குங்கள். அவர் கிரீஸில் வாழ்ந்தவரே அல்ல. 1863இல் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் பிறந்து, 1933இல் அங்கேயே, பிறந்த தேதியன்றே இறந்தார். சுமார் 30 வருடம் நீர்ப்பாசன இலாகாவில் குமாஸ்தா. உயிரோடு இருந்தவரை தன் கவிதைகளைக் கடைக்கு வரும் புத்தகமாகப் போடவில்லை. தனித்தாள்களில் அச்சடித்து, சேர்த்துக் கட்டி, தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். அவரே ஒப்புக்கொண்ட கவிதைகள் 154. ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஆனால் ஒரு வாரத்தில் படிக்காதீர்கள்.

நான் படித்த முறை இது. ஒரு நாளுக்கு ஒரு கவிதை, இரண்டு வெவ்வேறு ஆங்கில மொழிபெயர்ப்பில். இரண்டும் எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லையோ அங்கே மூலத்தில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது மொழி அடுக்கு. பேச்சுமொழிக்கு நடுவே திடீரென்று ஒரு பழைய புலமைச் சொல்லை வைப்பது அவர் வழக்கம். காட்டுமிராண்டிகளுக்காக ஊரே காத்திருக்கும் கவிதை, அந்தோனியைத் தெய்வம் கைவிடும் கவிதை, இத்தாக்கா, இந்த மூன்றையும் முதலில் முடியுங்கள். அப்புறம் ‘கி.மு. 200இல்’. எங்கள் பொதுக் கிரேக்க மொழியை பாக்திரியா (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம்) வரை, இந்தியர்கள் வரை கொண்டுபோனோம் என்று அதில் ஒருவன் பெருமை அடிக்கிறான். அந்தப் பெருமையெல்லாம் ரோமாபுரியின் கையில் சரியப்போகும் நேரம் அது. அவனுக்குத் தெரியாது, கவாஃபிக்குத் தெரியும். ஐரோப்பாவுக்குக் கவாஃபி போய்ச் சேர்ந்ததும் சக எழுத்தாளர்கள் கை வழியாகத்தான். ஃபாஸ்டர் அலெக்ஸாந்திரியாவில் அவரைச் சந்தித்து எழுதினார், யூர்செனார் பிரெஞ்சில் கொண்டுவந்தார், ஓடன் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதினார்.

மொழி அடுக்கு என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு இதை விளக்குவது சுலபம். வீட்டில் ஒன்று பேசி ஏட்டில் வேறொன்று எழுதிப் பழகியவர்கள் நாம். அங்கே ‘கத்தாரெவூசா’ என்பது பழமையை ஒட்டித் தைத்த ஏட்டுமொழி, ‘திமோத்திகி’ பேச்சுமொழி. 1901 நவம்பரில் சுவிசேஷத்தைப் பேச்சுமொழியில் ஒரு நாளிதழ் வெளியிட்டதற்காக ஏதென்ஸில் கலவரம் வெடித்து எட்டுப் பேர் செத்தார்கள். அரசாங்கமே கவிழ்ந்தது. 1976இல்தான் பேச்சுமொழி அரசு மொழியானது. ஆகவே ஒரு கிரேக்க எழுத்தாளர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் ஒரு கட்சி ஒட்டிக்கொண்டிருக்கும். மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

வரலாறு முழுக்கத் தேவையில்லை. மூன்று காலம் போதும்: 1922 (துருக்கியிடம் தோல்வி), 1967–74 (ராணுவ ஆட்சி), 2010 (கடன் நெருக்கடி). இதில் 1922ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) எரிந்தது. மறு வருடம் லோசான் ஒப்பந்தப்படி ஆசியா மைனரிலிருந்து (துருக்கியின் ஆசியப் பகுதி, அனத்தோலியா என்பதும் அதுதான்) ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிட்டத்தட்ட 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கு என்று மக்கள் மாற்றப்பட்டார்கள். மொத்தம் அரைக்கோடிப் பேர்கூட நிறைவாக இல்லாத நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய கூட்டம் என்று பாருங்கள். செஃபெரிஸ் அந்த ஸ்மிர்னாக்காரர். தீதோ சோதிரியூவின் நாவல் ஓர் அனத்தோலிய விவசாயியின் வாயால் அந்தக் கதையைச் சொல்கிறது. துருக்கியரை வெறுக்காமல் அதைச் சொன்னதுதான் அந்தப் புத்தகத்தின் பலம். இதைப் படித்தபின் செஃபெரிஸைப் படித்தால், அவருடைய கடலும் கப்பலும் வெறும் அழகுக்காக வருபவை அல்ல என்று தெரியும்.

அடுத்தது, படிப்பதோடு கேளுங்கள். கிரேக்கர்கள் தங்கள் கவிஞர்களைப் பாட்டாகத்தான் வைத்திருக்கிறார்கள். 1936 மே மாதம் தெசலோனிகியில் வேலைநிறுத்தத்தில் சுடப்பட்ட மகனின் உடல் மேல் ஒரு தாய் குனிந்திருக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துக் கவிஞர் ரித்சோஸ் எழுதிய ஒப்பாரிதான் ‘எபிதாஃபியோஸ்’. சர்வாதிகார அரசு அதன் பிரதிகளை ஏதென்ஸின் ஜீயஸ் தெய்வத்தின் கோயில் தூண்களின் அருகே எரித்தது. பிறகு தியோடராக்கிஸ் அதற்கு இசையமைத்தார். கவிஞர் எலிதிஸின் நீள்கவிதை ‘அக்ஸியோன் எஸ்தி’க்கும் இசையமைத்தவர் அவரே. செஃபெரிஸ் 1969இல் பிபிசி வழியாக ராணுவ ஆட்சியைக் கண்டித்தார். 1971இல் அவர் சவ ஊர்வலத்தில் கூட்டம், தடை செய்யப்பட்டிருந்த தியோடராக்கிஸின் இசையில் செஃபெரிஸின் கவிதையையே பாடியது.

அந்தப் பாட்டைக் கேட்கும்போது எழுத்தையும் பக்கத்தில் வையுங்கள். கவிதையில், எவ்வளவு ஆசையோடு வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லி ஒரு புள்ளி வருகிறது. அங்கே நிற்க வேண்டும். பிறகுதான் ‘தப்பு!’ என்ற சொல். பாட்டு நிற்காமல் ஓடிவிடுகிறது, வாழ்க்கையைத் தப்பாக எடுத்துக்கொண்டோம் என்பது போல ஆகிவிடுகிறது. ஒரு புள்ளிக்கு இத்தனை வேலை இருக்கிறது.

புத்தகம் வாங்கும்போது காப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். ‘ஸோர்பா’வின் 1952 ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சிலிருந்து வந்தது. கிரேக்கத்திலிருந்தே நேராகச் செய்த பீட்டர் பியெனின் மொழிபெயர்ப்பு 2014இல்தான் வந்தது. முதலாவதைப் படித்துவிட்டு, கசந்த்சாகிஸின் நடை எனக்குப் பிடிக்கவில்லை என்று ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன். யாருடைய நடையைச் சொன்னேனோ!

இன்றைய எழுத்துக்கு வர மார்காரிஸ் நல்ல வாசல். இஸ்தான்புல்லில் பிறந்தவர், துப்பறியும் நாவல்காரர். அவருடைய போலீஸ் அதிகாரி ஹாரிதோஸ் ஓய்வு நேரத்தில் படிப்பது அகராதிகள். கடன் நெருக்கடி வந்ததும் வங்கியாளர்களின் தலையை ஒருவன் வாளால் வெட்டிக்கொண்டு போகிற கதையை எழுதினார். கடன் கொடுத்த ஜெர்மனியிலேயே அவருக்கு ஏகப்பட்ட வாசகர்கள். இலக்கியத் தரம் என்று பார்த்தால் நான் அவரை உச்சியில் வைக்க மாட்டேன். ஆனால் ஏதென்ஸ் தெருக்களில் போராட்டத்தால் எந்த இடத்தில் வண்டிகள் நின்றுபோகும் என்பது அவரிடம்தான் கிடைக்கும். எல்லையை நடந்தே தாண்டி வந்த அல்பேனியர் கப்லானி கிரேக்கத்திலேயே எழுதியவை, கிரீஸை வெளியிலிருந்து காட்டுபவை. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

கடைசிக்கு இக்கொனோமு. 2010இல் வந்த சிறுகதைகள், ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்புகளில் நடப்பவை. கப்பலிலிருந்து இறங்கி நான் நடந்த தெருக்கள்தான். ஆனால் அந்த ஜன்னல்களுக்குள்ளே என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு கதையில் வயதானவர்கள் மருத்துவமனை வாசலில் விடிய விடிய நெருப்பு மூட்டிக் காத்திருக்கிறார்கள். இன்னொன்றில் வேலை செய்யும் இடத்தில் மின்சாரம் தாக்கி நண்பன் சாகிறான். அதற்கு நியாயம் கேட்க ஒருவன் துடைப்பக் கட்டையில் பலகை கட்டி எடுத்துக்கொண்டு போகிறான். என்ன எழுதுவது என்று அவனுக்குச் சொல் வரவில்லை. ஒன்றும் எழுதாத பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்தக் கதையைப் படிக்கும் நாளில் வேறெதையும் படிக்க வைத்துக்கொள்ளாதீர்கள்.