பழைய கஸ்கேடியா வாங்கும் முன் மைலை மட்டும் பார்க்காதீர்கள்

அமெரிக்காவில் பழைய ஃப்ரைட்லைனர் கஸ்கேடியா கனரக லாரி பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை மைல் ஓடியது என்றுதான். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் கேளுங்கள். 6 லட்சம் மைலுக்கு 12,000 மணி நேரம் என்றால் சராசரி 50 மைல் வேகம். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. அதே மைலுக்கு 20,000 மணி நேரம் காட்டினால் நின்ற இடத்திலேயே இரவெல்லாம் இன்ஜின் ஓடியிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் டிபிஎஃப் புகை வடிகட்டி சீக்கிரம் கரி அடைக்கும்.

புகைக்குழாயின் உள்பக்கத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நன்றாக இருந்தால் விரலில் கரி ஒட்டாது. கறுப்பாக ஒட்டினால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கலாம், விலையில் பெரிய தொகையைக் குறைக்கச் சொல்லலாம். கம்ப்யூட்டரை இணைத்து, வண்டியை நிறுத்தி வைத்துச் செய்த ரீஜென் (வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) எத்தனை என்றும் பார்த்துவிடுங்கள். டீலர் மழுப்பினால் அதுவே பதில்.

இந்த வண்டிகள் பலவற்றில் இருக்கும் 14.8 லிட்டர் டிடி15 இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். சூடேறிய பின் ஆயில் மூடியைத் திறந்தால் புகை பலமாகப் பீறிட்டு வரக்கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம்.

இன்னொன்று: வண்டியின் மாடல் ஆண்டும் இன்ஜினின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியா பக்கம் ஓட்டுவதாக இருந்தால் இன்ஜினில் ஒட்டியிருக்கும் எமிஷன் (புகை வெளியீடு) லேபிளில் 2010 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டு இருக்க வேண்டும். முன்சக்கர டயர் பள்ளத்தின் ஆழம் 4/32 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.