அறுவடைப் புகையும் ஆஸ்துமாவும்: டெல்டாவில் நாம் செய்யும் தவறுகள்

சம்பா அறுவடை முடிந்த வயலில் எஞ்சிய தாளுக்குத் தீ வைப்பவர்கள் தஞ்சைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கரும்புக் கொல்லையில் காய்ந்த இலையான சோகை எரியும். போதாக்குறைக்குப் போகி. எல்லாம் பனிக்காலத்தை ஒட்டியே வருகின்றன. இப்படி நாள் தெரிந்து வரும் புகையை எதிர்பாராத விபத்தைப் போல எதிர்கொள்வதுதான் முதல் தவறு.

இழுப்பு வந்தபின் நீல நிற இன்ஹேலரைத் தேடுவார்கள். அதிலுள்ள சால்பியூட்டமால் இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தணிக்காது. அதற்குப் புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், கார்த்திகையிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மார்கழியில் அதை நிறுத்துபவர்கள்தான் தையில் அவதிப்படுகிறார்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லே பலரை மிரட்டுகிறது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் மருந்து இங்கே மைக்ரோகிராம் கணக்கில்தான் போகிறது. எடுத்தபின் வாய் கொப்பளித்தால் போதும்.

ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது மனத்துக்குத்தான் ஆறுதல். நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள்கள் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. துணியின் இழைகளுக்கு நடுவே அவை தாராளமாகப் புகுந்துவிடும். என்95 முகக்கவசம் உதவும், மூக்கோரம் இடைவெளியின்றிப் பொருந்தினால். தாடி இருந்தால் பொருந்தாது.

கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே கொசுவர்த்தி ஏற்றும் வீடுகளை என்ன சொல்வது! ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கொசுவலை கட்டலாமே. சாம்பிராணியையும் அந்த நாட்களில் ஒதுக்கி வையுங்கள்.

விடியற்காலை நடைப்பயிற்சியும் அப்போது வேண்டாம். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, இரவுப் புகையை மேலே எழவிடாமல் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறிப் பனி விலகிய பிறகு நடக்கலாம்.

நீல இன்ஹேலர் எடுத்தும் மூச்சு தணியாவிட்டால், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள்.