சார்பு முகவரி முழு முகவரியாக மாறுவது எப்படி?

மலைரயில் நிலையங்களைப் பற்றிக் குன்னூரில் இருந்தபடி ஒரு சிறு இணையதளம் அமைத்தபோது, ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் படங்கள் வரவில்லை. கோப்புகளில் பிழையில்லை, பக்கத்தின் முகவரி முடிவில் ஒரு சாய்கோடு விடுபட்டிருந்தது. ‘படம்’ என்பதுபோல் தளத்தின் பெயரின்றிச் சுருக்கமாக எழுதும் சார்பு முகவரியை உலாவி எப்படி முழு முகவரியாக்குகிறது என்பதில் புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது அங்கேதான்.

முதலில் ஒரு கற்பனை முகவரியைப் பிரித்துக்கொள்வோம். (‘எச்டிடிபிஎஸ்’ என்ற நெறிமுறையின் பெயரை நடைமுறையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

எச்டிடிபிஎஸ்://உதாரணம்.இந்தியா/மலைரயில்/குன்னூர்/நேரம்?நாள்=ஞாயிறு#மாலை

முதல் முக்காற்புள்ளி வரை நெறிமுறை, இரட்டைச் சாய்கோட்டை அடுத்து வருவது தளத்தின் பெயர், அதன்பின் கேள்விக்குறி வரை பாதை, பிறகு வினவல், # குறிக்குப் பின் பக்கத்தினுள் உள்ள இடம். இந்த ஐந்து பகுதிகளையும் சேர்க்கும் முறையையும் 2005 ஜனவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 3986 என்னும் இணையத் தர ஆவணம் வரையறுக்கிறது.

இந்த முகவரியையே அடிப்படையாகக் கொண்டு, பக்கத்தில் ‘../கேத்தி/படம்’ என்று ஓர் இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உலாவி, அடிப்படைப் பாதையில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் இருக்கும் ‘நேரம்’ என்பதை நீக்கிவிட்டு, மிஞ்சிய ‘/மலைரயில்/குன்னூர்/’ என்பதோடு இணைப்பை ஒட்டுகிறது. பின்னர் ‘..’ என்ற இரட்டைப் புள்ளி தனக்கு முன்னுள்ள ‘குன்னூர்’ என்பதையும் கூட்டிக்கொண்டு மறைய, ‘/மலைரயில்/கேத்தி/படம்’ கிடைக்கிறது. பழைய வினவலும் # பகுதியும் இதில் தொடர்வதில்லை.

இப்போது சாய்கோட்டுக்கு வருவோம். அடிப்படைப் பாதை ‘/மலைரயில்/குன்னூர்’ என்று முடிந்தால், உலாவி குன்னூரையே கோப்பாக எண்ணி நீக்கிவிடுவதால், ‘படம்’ என்ற இணைப்பு ‘/மலைரயில்/படம்’ ஆகிவிடும். ‘/மலைரயில்/குன்னூர்/’ என்று முடிந்தால் மட்டுமே ‘/மலைரயில்/குன்னூர்/படம்’ கிடைக்கும். என் பக்கத்தில் நேர்ந்தது முதலாவது.

மற்ற வடிவங்கள் எளியவை. ‘/கட்டணம்’ எனச் சாய்கோட்டில் தொடங்கினால் பழைய பாதை முழுவதும் போய்விடும். ‘?நாள்=திங்கள்’ பாதையை அப்படியே வைத்து வினவலை மாற்றும்; ‘#காலை’ வினவலையும் விட்டுவைக்கும். இரட்டைப் புள்ளிகள் தேவைக்கு மிஞ்சினாலும் தளத்தின் பெயரைத் தாண்டிச் செல்லாது.

எச்டிஎம்எல் பக்கத்தின் தலைப்பகுதியில் ‘பேஸ்’ (base) குறிச்சொல்லில் முகவரி தரப்பட்டிருந்தால், பக்கத்தின் சொந்த முகவரிக்குப் பதிலாக அதுவே அடிப்படையாகும். ஆகவே முதலில் அதைத் தேடுங்கள். பிறகு கணினியில் இணைப்பின்மேல் சுட்டியை நிறுத்தி, உலாவியின் கீழ் ஓரத்தில் தெரியும் முழு முகவரியை, நீங்கள் தாளில் கணக்கிட்ட விடையோடு ஒப்பிடுங்கள்.