காட்டை மொட்டையடிக்காமல் மரம் எடுப்பது எப்படி?

சொந்தமாகக் காடு வைத்திருப்பவருக்கு, மரம் முதிர்ந்ததும் ‘எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டிவிடலாமா’ என்றுதான் தோன்றும். கணக்கு சுலபம், பணமும் ஒரே தடவையில் கைக்கு வரும். ஆனால் அப்புறம் வெயில் நேராகத் தரையில் இறங்கும், களை மண்டும். சரிவான இடமென்றால் மேல்மண் மழையோடு போகும். மறுபடி கன்று நட்டுக் காக்கும் செலவும் உங்கள் தலையில்தான்.

மாற்று வழி புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் கூவே காட்டில் ஆன்ரி பியோலே என்ற வனவியலாளர் 1890-லேயே மரம் மரமாகத் தேர்ந்து வெட்டி, வளர்ச்சியை அளந்து கணக்கு வைக்கும் முறையைத் தொடங்கினார். அந்த நாட்டின் 1991-ஆம் ஆண்டு வனச் சட்டம், சில விலக்குகள் தவிர, மொத்த வெட்டைத் தடை செய்கிறது.

முதல் படி: அளவெடுங்கள்

ஒரு டேப், கயிறு, நோட்டு போதும். ஓரிடத்தில் குச்சி நட்டு, 11.28 மீட்டர் கயிற்றால் வட்டம் சுற்றுங்கள். அதன் பரப்பு 400 சதுர மீட்டர், அதாவது ஹெக்டேரில் 25-ல் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம். 94 செ.மீ. சுற்றளவுள்ள மரத்துக்கு விட்டம் சுமார் 30 செ.மீ., அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 0.07 சதுர மீட்டர். இப்படி 20 மரம் வட்டத்துக்குள் இருந்தால் மொத்தம் 1.4. அதை 25-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 35 சதுர மீட்டர். இந்த எண்தான் இனிமேல் உங்களுக்கு வழிகாட்டி. காட்டின் வெவ்வேறு பகுதிகளில் சில வட்டங்கள் போட்டுச் சராசரி எடுங்கள்.

இரண்டாம் படி: எது நிற்க வேண்டும்?

பெரும்பாலானோர் வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் முதலில் பெயிண்ட் அடிக்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். நிற்க வேண்டியதை முதலில் குறியுங்கள். நேரான அடிமரம், பரந்த ஆரோக்கியமான தலை, காயமில்லாத பட்டை, இந்த மூன்றும் இருக்கும் மரங்களை ஹெக்டேருக்கு 60 முதல் 100 வரை தேர்ந்து நாடா கட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றின் தலையையும் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒன்றிரண்டு மரங்களைப் பாருங்கள். அவைதான் இந்த முறை வெட்டுக்குப் போகும். கீழே ஒதுங்கி நிற்கும் ஒல்லி மரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றால் விட்டுவிடலாம். அது நிழல் கொடுத்து அடிமரத்தில் பக்கக்கிளை வராமல் பார்த்துக்கொள்ளும்.

மரம் வாங்க வருபவர் “பெரிசை மட்டும் எடுத்துக்கிறேன், சின்னது வளரட்டும்” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே வயதுக் காட்டில் சின்ன மரம் இளம் மரம் அல்ல. போட்டியில் தோற்ற மரம். நல்லதையெல்லாம் கொடுத்துவிட்டால், தோற்றவற்றின் விதைதான் அடுத்த தலைமுறைக் காடு. இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பொந்து உள்ள மரம், நின்றபடி பட்டுப்போன மரம் சிலவற்றையும் பறவைகளுக்காக விடுங்கள். நடைபாதை ஓரத்தில் மட்டும் வேண்டாம், விழுந்தால் ஆபத்து.

மூன்றாம் படி: முறையை மரமே சொல்லும்

நிழல் தாங்கும் இனங்களா? அங்கங்கே ஒற்றை மரமாக எடுத்தாலே கன்று தானாக எழும்பும். வெயில் கேட்கும் பைன், ஓக், தேக்கு போன்றவற்றுக்கு அது போதாது. சுற்றியுள்ள மரங்களின் உயரத்தைப் போல ஒன்று முதல் இரண்டு மடங்கு அகலத்துக்குச் சிறு திறப்புகள் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி: விதைமரங்களைக் குடைபோல நிறுத்தி, கீழே கன்றுகள் நிலைத்த பிறகு அவற்றையும் கட்டம் கட்டமாக எடுப்பது.

நான்காம் படி: எவ்வளவு எடுக்கலாம்?

ஒரு தடவைக்கு, முதல் படியில் கண்ட மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பில் கால்பங்கு என்பது தொடக்கக்காரருக்குப் பாதுகாப்பான எல்லை. நம் கணக்கில் ஹெக்டேருக்கு 35 சதுர மீட்டரில் ஏறக்குறைய 9. இதிலும் காற்றை மறக்காதீர்கள். மரத்தின் உயரத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அலகில். 20 மீட்டர் உயரம், 25 செ.மீ. விட்டம் என்றால் 80. நூறைத் தாண்டும் மரங்கள் அக்கம்பக்கத்து மரங்களின் தயவில்தான் நிற்கின்றன. அந்த இடத்தில் கொஞ்சமாக எடுத்து, சீக்கிரம் திரும்ப வாருங்கள்.

ஐந்தாம் படி: இழுத்துச் செல்லும் தடம்

வெட்டுவதைவிட இழுப்பதில்தான் காடு அதிகம் கெடுகிறது. வண்டி போகும் தடங்களை முதலிலேயே குறித்து, என்றைக்கும் அதே தடத்தைப் பயன்படுத்துங்கள். ஈர மண்ணில் வண்டி இறங்கவே கூடாது. வெட்டிய கிளைகளைத் தடத்தில் பரப்பினால் மண் இறுகுவது குறையும். ஓடைக்கரையை ஒட்டித் தடம் போடாதீர்கள். நிற்கும் மரத்தின் பட்டை உரிந்தால் அதன் வழியே அழுகல் நுழையும். எனவே ஒப்பந்தத்தில் நாடா கட்டிய மரத்துக்குச் சேதமானால் இழப்பீடு என்று எழுதி வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் அதே வட்டங்களில் மறுபடி அளந்து நோட்டில் எழுதுங்கள். மான் மேயும் இடமென்றால் கன்றுகளைச் சுற்றி வேலி போடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது. அடுத்த வெட்டு 5 முதல் 10 ஆண்டுக்குள், நாடா கட்டிய மரங்களின் தலைகள் மறுபடி ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும்போது.