வாட்ஸ்அப் குரல் பதிவை எம்பி3 ஆக்குவது எப்படி? வீட்டுக் கணினியில், காசு செலவில்லாமல்

பாட்டி பாடி அனுப்பிய தாலாட்டு, அப்பா நிதானமாகச் சொன்ன பழைய குடும்பக் கதை, இப்படி எத்தனையோ குரல்கள் வாட்ஸ்அப்பிலேயே கிடந்து, போன் மாற்றும்போது காணாமல் போய்விடுகின்றன. சரி, பென் டிரைவில் ஏற்றி காரில் போட்டுக் கேட்கலாம் என்றால், பல கார் ஸ்டீரியோக்கள் அந்த ஃபைலைக் கண்டுகொள்வதே இல்லை. வாட்ஸ்அப் குரல் பதிவு ஓபஸ் என்ற வடிவத்தில் இருப்பதுதான் காரணம். 2012இல் இணையத்துக்கான பொதுத் தரமாக வந்த ஓபஸ், பேச்சை ரொம்பச் சின்ன இடத்தில் அடக்கிவிடும், உண்மையிலேயே அருமையான வடிவம். ஆனால் பழைய ஸ்டீரியோவுக்கும் ஹோம் தியேட்டருக்கும் தெரிந்தது எம்பி3தான்.

முதலில் ஒன்று. ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் ஓபஸ் என்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் வடிவம் மாறாது, பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அதே ஓபஸ்தான். மாற்றுவதற்கென்று ஒரு மென்பொருள் வேண்டும். விஎல்சி பிளேயர் போதும், இலவசம், வீடியோலேன் தளத்திலேயே கிடைக்கும், பலர் கணினியில் அந்த ஆரஞ்சுக் கூம்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். ஃபைலை ஏற்றினால் மாற்றித் தரும் இணையதளங்களும் உண்டு, ஆனால் வீட்டு ஆட்களின் குரலை முகம் தெரியாத ஒரு சர்வருக்கு அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? இது நம் கணினியிலேயே சில நொடியில் முடிகிற வேலை.

பதிவைக் கணினிக்குக் கொண்டுவர எளிய வழி வாட்ஸ்அப் வெப். அந்தக் குரல் பதிவின் ஓரத்தில் வரும் சிறிய அம்புக்குறியை அழுத்தி டவுன்லோடு கொடுங்கள். பெயரின் முடிவில் ஓபஸ் என்பதற்குப் பதில் ஓஜிஜி என்று இருந்தாலும் கவலை வேண்டாம், உள்ளே ஓபஸ்தான். நிறையப் பதிவுகள் இருந்தால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போனால் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அங்கே ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் 20240114 என்பது போல எட்டு இலக்கம் தெரியும். அது தேதி: 2024 ஜனவரி 14. பெயரை மாற்றும்போது இதை அழித்துவிடாதீர்கள், யார் குரல் என்பதை மட்டும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து எப்போது பேசியது என்று சொல்ல வேறு ஆதாரம் இருக்காது.

இனி மாற்றும் வேலை. விஎல்சியைத் திறந்து, மேலே மீடியா மெனுவில் கன்வர்ட் / சேவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள் (விண்டோஸில் கன்ட்ரோலும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தினாலும் வரும்). திறக்கும் பெட்டியில் ஆட் பொத்தானை அழுத்தி ஃபைலைக் காட்டுங்கள், பிறகு கீழே உள்ள கன்வர்ட் / சேவ் பொத்தான். அடுத்த பெட்டியில் புரொஃபைல் என்ற பட்டியலில் ஆடியோ - எம்பி3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பிரவுஸ் அழுத்தி, எங்கே, என்ன பெயரில் சேமிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மூல ஃபைல் இருக்கும் ஃபோல்டர் வேண்டாம், புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள், பெயர் எம்பி3 என்று முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைசியாக ஸ்டார்ட். பாட்டு ஓடும்போது நகரும் அதே கோடு சத்தமில்லாமல் நகரும், அது முடியும்வரை விஎல்சியை மூடக் கூடாது.

முடிந்ததும் ஃபைலின் அளவைப் பார்த்தால் பலருக்குக் குழப்பம் வரும். ஓரிரு நூறு கேபி இருந்த ஒரு நிமிடப் பேச்சு இப்போது ஏறக்குறைய 1 எம்பி ஆகியிருக்கும். தரம் கூடிவிட்டதா? இல்லை. விஎல்சி வழக்கமாக நொடிக்கு 128 கிலோபிட் என்ற கணக்கில் எம்பி3 எழுதுகிறது, அதனால் இடம்தான் கூடுகிறது. ஓபஸில் பதியாமல் விட்டுப்போன ஓசையை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. வெறும் பேச்சுதான் என்றால் புரொஃபைல் பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர் படத்தை அழுத்தி, ஆடியோ கோடெக் பகுதியில் பிட்ரேட்டை 64 என்றும் சேனலை 1 என்றும் வைக்கலாம், ஒரு மணி நேரப் பேச்சு 30 எம்பிக்குள் அடங்கும். பாட்டு என்றால் 128க்குக் கீழே போகாதீர்கள்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம் உண்டு: மூல ஃபைலை அழிக்கவே அழிக்காதீர்கள். எம்பி3, ஓபஸ், ஐபோனில் வரும் எம்4ஏ, மூன்றுமே பொதுவாகக் காதுக்கு அதிகம் தெரியாத ஓசைகளைக் கழித்துவிட்டுச் சேமிப்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழியும், ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. ஸ, ச ஒலிகளும் ஜால்ரா சத்தமும்தான் முதலில் கெடும். நாளைக்கு வேறு வடிவம் தேவைப்பட்டால் எம்பி3ஐத் தொடாமல் அந்த ஓபஸ் ஃபைலிலிருந்தே மறுபடி மாற்றுங்கள்.

குரல் ரொம்பச் சன்னமாக இருக்கிறது, நடுவில் வரும் ஹாரன் சத்தத்தை வெட்ட வேண்டும் என்றால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உதவும். ஆனால் அதற்கு எம்பி3ஐக் கொடுக்காதீர்கள். விஎல்சியில் புரொஃபைலை ஆடியோ - சிடி என்று வைத்தால் வேவ் ஃபைல் கிடைக்கும். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, பெரியதுதான், ஆனால் அதில் எதுவும் கழியாது. அதை ஆடாசிட்டியில் இழுத்துப் போட்டு, கன்ட்ரோலும் ஏ விசையும் அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ஆம்ப்ளிஃபை கொடுங்கள். வேண்டாததை வெட்டுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ, வடிவம் எம்பி3. வெறும் சேவ் கொடுத்தால் வருவது ஆடாசிட்டியின் சொந்த ப்ராஜெக்ட் ஃபைல், அதை வேறு எந்தப் பெட்டியும் பாடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் காரில் பாடவில்லையா? பென் டிரைவைப் பாருங்கள். பல கார் ஸ்டீரியோக்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். விண்டோஸில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் தெரியும். என்டிஎஃப்எஸ் என்றோ எக்ஸ்ஃபேட் என்றோ இருந்தால், உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு ஃபேட்32ஆக ஃபார்மட் செய்து, எம்பி3 ஃபைல்களை மறுபடி ஏற்றுங்கள்.