குழந்தைக்கு பி.பி. பார்க்க எந்த கஃப்?

குழந்தைகள் ஓ.பி.யில் நர்ஸாக இருக்கிறேன். பி.பி. மிஷினை எடுப்பதற்கு முன் நான் எடுப்பது டேப். கஃப்பில், அதாவது கையில் சுற்றுகிற பட்டையில், ‘சைல்டு’, ‘அடல்ட்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். வயதையும் நம்ப வேண்டாம். பெரியவர்கள் கஃப் தேவைப்படுகிற பத்து வயதுப் பிள்ளை உண்டு, சின்ன கஃப்பே போதும் என்கிற ஒல்லியான பிளஸ் ஒன் பையனும் உண்டு.

முழங்கையை மடக்கச் சொல்லி, தோள் எலும்பின் நுனியிலிருந்து முழங்கை நுனி வரை அளந்து நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் சுற்றளவு எடுங்கள். டேப் சதையை இறுக்கக் கூடாது.

இனி கஃப்புக்குள் இருக்கும் ரப்பர் பையைப் பாருங்கள். கணக்கு அதற்குத்தான், மேல் துணிக்கு இல்லை. பையின் அகலம் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும், நீளம் 80 முதல் 100 சதவீதம். கை 20 செ.மீ. என்றால் அகலம் 8, நீளம் 16 முதல் 20 வரை. 9க்கு 18 பை அதற்குச் சரி. 30 செ.மீ. கைக்கு 13க்கு 30 வேண்டும்.

இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடுங்கள். சின்ன கஃப் ரத்தக்குழாயை அமுக்க அதிக அழுத்தம் கேட்கும், இல்லாத பி.பி.யைக் காட்டிவிடும். அந்த ஒரு எண்ணுக்காக நன்றாக இருக்கிற பிள்ளைக்கு ஊசி போட்டு ரத்தம் எடுப்பதும், வீடே தூங்காமல் கிடப்பதும் எனக்குப் பொறுக்காது. பெரிய கஃப் கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஆனால் தவறு அந்த அளவுக்குப் போகாது. வீட்டு மிஷினோடு வரும் கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. சின்னப் பிள்ளைக்கு அதைச் சுற்றாதீர்கள்.

யூனிஃபார்ம் கையை மேலே சுருட்டி இறுக்காமல் கழற்றிவிடுங்கள். வலது கையில் கட்டுங்கள், பிள்ளைகளுக்கான பி.பி. அட்டவணை வலது கையில் பார்த்த பி.பி.யை வைத்துத்தான். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே நிற்கட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, மூன்று முதல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

மிஷின் அதிகம் காட்டினால் ஸ்டெதஸ்கோப் வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எந்த கஃப், எந்தக் கை என்று சீட்டில் எழுதி வையுங்கள். வளர்கிற பிள்ளை என்பதால், அடுத்த முறை கையை மறுபடி அளந்த பிறகே கஃப் எடுக்க வேண்டும்.