எலும்புத் துண்டு ஆய்வு: எண்ணும் முன் பொருத்திப் பாருங்கள்

பையில் பெயர்ச்சீட்டு போட மறப்பதெல்லாம் இரண்டொரு நாளில் திருந்திவிடும். திருகோணமலைக் கரையோரத் தொல்லியல் அகழ்வுகளின் எலும்புகளைப் பிரிக்கப் புதிதாக உட்காருபவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

துண்டுகளையெல்லாம் எண்ணுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. மண்ணுக்குள் முழுதாகக் கிடந்த மாட்டெலும்பு தோண்டும் கரண்டி பட்டு மூன்றாகும், பையில் குலுங்கி ஒன்பதாகும். பதிவேட்டில் "மாடு 9" என்று ஏறும். பக்கத்துப் பையில் உடையாத ஆட்டெலும்பு நான்கு. உடனே, அந்த ஊரார் ஆட்டைவிட மாட்டையே அதிகம் தின்றார்கள் என்று ஒரு முடிவு. தின்ற கணக்கல்ல, கரண்டியின் கணக்கு அது.

உடைவின் விளிம்பைப் பாருங்கள். மேற்பரப்பின் பழுப்பே விளிம்பிலும் இருந்து மண்ணும் படிந்திருந்தால் பழைய உடைவு. வெளிறியிருந்தால் நேற்றைய உடைவு. அப்படிப்பட்டவற்றை மணல் தட்டில் நிறுத்திப் பொருத்தி, ஒன்றென்றே எழுதுங்கள். ஒட்டுநாடா வேண்டாம், உரிக்கும்போது மேற்பரப்பும் சேர்ந்து வரும்.

அடுத்தது விலங்குக் கணக்கு. முன்னங்கால் மேலெலும்பின் கீழ்மூட்டு பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் எண்ணுங்கள். ஒரு விலங்குக்கு இடதொன்று, வலதொன்றுதான்; ஆகவே இடது 5, வலது 3 என்றால் குறைந்தது 5 விலங்குகள், 8 அல்ல. அடுத்த மண்ணடுக்கில் இடது 1, வலது 6 என்றால் அங்கே 6. தனித்தனியே கூட்டினால் 11. இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கி எண்ணினால் இடது 6, வலது 9, ஆகவே 9. அடுக்குகளை எப்படிச் சேர்த்தீர்கள் என்று எழுதாத எண்ணிக்கையால் யாருக்கும் பயனில்லை.

இனம் தெரியாத சிம்புகளை "பெரிய பாலூட்டி" என்று பதிந்து எடைபோட்டு வையுங்கள். ஊகித்து மாடாக்க வேண்டாம்.

ஒரே அரிதட்டு

5 மி.மீ. கண்ணில் பாரை, சூரை தங்கும், நெத்தலி போய்விடும். அடுக்குக்கு 10 லீற்றர் மண்ணையாவது 1 மி.மீ. வலையில் நீர்விட்டு அரியுங்கள்.

வெயிலில் காயவைப்பது

வெடிக்கும். நிழல்.

கறுப்பெல்லாம் நெருப்பு

கறுத்த எலும்பெல்லாம் சுட்டதல்ல; மண்ணிலிருந்து படியும் மங்கனீசுக் கறையும் கறுப்புத்தான். பெரும்பாலும் அது மேலோடு நிற்கும், கிளைகிளையாகப் படரும். உடைவின் உட்பக்கத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மான்கொம்பு கிடைத்தால் வேட்டை

திருகோணமலையின் பிரெடெரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைப் பாருங்கள்: ஆண்மான் கொம்பை உதிர்த்து மறுபடி முளைக்கவிடும். உதிர்ந்ததைப் பொறுக்கி யாரும் கத்திப்பிடி செய்திருக்கலாம். கொம்படியில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தால்தான் அது செத்த மான்.